கம்பிக்குத் தைத்த சட்டை

ரெக்சின் மாமாவுக்கு எதையும் அம்மணமாகப் பார்க்கப் பிடிக்காது. கார், பஸ் சீட்டுகளுக்கு உறை தைப்பது அவர் தொழில். வீட்டில் ரிமோட்டுக்கு உறை, குடைக்கு உறை. அத்தை கொஞ்சம் அசையாமல் உட்கார்ந்தால் அவளுக்கும் அளவெடுத்துவிடுவார்.

அப்படிப்பட்டவர் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கித் தானே பழுது பார்த்தார். விரிசலை அடைத்தார், படகின் சிறிய மோட்டாரை ஓடவைத்தார், தண்ணீர் இறைக்கப் புது பம்ப் வைத்தார், ஆபத்துக்கு உதவும் என்று கம்பி வெட்டும் பெரிய கட்டர் ஒன்றையும் மாட்டினார். பாய்மரத்தைச் சுற்றி நின்று இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பிகளுக்கு, ஆள் உயரத்துக்கு இறுக்கமாக ரெக்சின் சட்டை தைத்தார். தையல் கண்ணைப் பறித்தது. இரண்டு வருஷம் அந்தச் சட்டையோடே படகு கடலில் கிடந்தது.

அத்தையின் தம்பி வெல்டர். உள்ளே போகிற உப்புத்தண்ணீர் வெளியே வர வழியில்லை, கம்பி அழுகும், கழற்றுங்கள் என்றான். ஸ்டெயின்லெஸ் எங்கேயாவது துருப்பிடிக்குமா என்று மாமா, கம்பி விற்ற கடைக்காரரின் குரலிலேயே கேட்டார். வெல்டர் உறையில் கத்தியை வைத்தான். மாமா மரச்சுத்தியால் அவன் மணிக்கட்டில் போட்டார். அவன் விட்ட அறையில் மாமாவின் முன்பல் பாதி உடைந்தது. இருவரும் தளத்தில் கட்டிப் புரண்டார்கள். அத்தை ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பிரித்தாள்.

"பயமா இருந்தா கரையிலயே உக்காரு மாப்ளே," என்றார் மாமா, ரத்தத்தைத் துப்பிக்கொண்டே.

"அக்கா வர்றாளே. உங்களை நம்பி அவள அனுப்பச் சொல்றீங்களா?" என்று அவனும் ஏறினான்.

கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே காற்று அறைந்தது. காற்றடித்த பக்கத்துக் கம்பி வெடிபோல் அறுந்து, சாட்டையாகச் சுழன்று வெல்டரின் கன்னத்தை வாய்வரை பிளந்தது. மரம் மறுபக்கம் சாய்ந்தது. பாயின் அடிச்சட்டம் அவன் தொடையில் விழ, எலும்பு முறிந்த சத்தம் சுக்கானைப் பிடித்திருந்த அத்தைக்கே கேட்டது.

விழுந்த மரம் தண்ணீரில் கிடந்தபடி, அறுபடாத கம்பிகளில் தொங்கி, ஒவ்வோர் அலைக்கும் படகின் விலாவில் இடித்தது. இன்னும் கொஞ்ச நேரம் இடித்தால் படகு உடைந்துவிடும்; கால் முறிந்தவன் நீந்த முடியாது. மாமா கட்டரோடு பாய்ந்தார். கைக்கு எட்டிய இடமெல்லாம் ரெக்சின். கட்டர் வழுக்கியது. தையலைப் பிரிக்கக் கத்தி தேடினார். அது கடலுக்குள் போயிருந்தது. மண்டியிட்டு, தன் தையலைத் தானே கடித்துக் கிழித்தார். மீதிப் பல்லும் போனது. பிரிந்த உறையிலிருந்து பழுப்புத் தண்ணீர் முகத்தில் வழிந்தது. ஒவ்வொரு கம்பியாக வெட்டினார். கடைசிக் கம்பி அறுந்ததும் மரம் பாயோடு கடலில் இறங்கியது. இடிப்பது நின்றது.

அத்தை தம்பியின் கன்னத்தைத் தன் துப்பட்டாவால் அழுத்திப் பிடித்திருந்தாள். புருஷனை ஏறிட்டும் பார்க்கவில்லை.

வெல்டர் துணிக்குள்ளிருந்து குழறினான். "மத்த கம்பியெல்லாம்... உள்ள எப்படி மாமா?"

"எல்லாமே போயிருக்குடா," என்றார் மாமா.

அத்தை மோட்டாரை முடுக்கினாள்.