வெள்ளிமலையில் ஒரு கேமராவுக்கு விலை பேசியது

"கிர்ர்ர்ர்" என்று உள்ளே ஒரு பல்சக்கரம் மெல்ல இழுத்து ஓடி, கடைசியில் "டிக்" என்று அடங்கும் அந்தச் சத்தத்தை இன்றைக்கும் என்னால் வாயால் செய்துகாட்ட முடியும். பழைய கேமராவின் ஷட்டரை ஒரு நொடி வேகத்தில் வைத்துத் தட்டினால் வருகிற சத்தம் அது. ஓட்டம் நடுவில் திக்கினால் விலை கம்மி, ஒரே சீராக ஓடினால் விலை ஜாஸ்தி என்று என் பன்னிரண்டாவது வயதில் எனக்குச் சொன்னவள் என் அம்மாவின் தங்கை வளர்மதி. கேமரா வாங்கப் போன அந்த வாரம் முழுக்கச் சித்திக்கு வேறு பேச்சே இல்லாததால் எனக்கும் வேறு எதுவும் காதில் விழவில்லை.

சித்திக்கு அப்போது இருபத்து நான்கு வயது. கள்ளக்குறிச்சியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் "டச்சிங்" வேலை செய்துகொண்டிருந்தாள். அடியில் விளக்கெரியும் கண்ணாடிமேல் நெகட்டிவைப் பரப்பி, ஊசிபோலச் சீவிய பென்சிலால் மாப்பிள்ளையின் அம்மைத் தழும்பையும் மணப்பெண்ணின் கண்ணுக்குக் கீழே இருக்கும் கறுப்பையும் புள்ளி புள்ளியாக மறைக்கிற வேலை. ஊரில் பாதிப் பேரின் முகம் அவள் கைபட்டு அழகானதுதான். ஆனால் கேமராவைத் தொட முதலாளி அவளை ஒரு நாளும் விட்டதில்லை. கல்யாண வீட்டில் பெண்கள் பக்கம் படமெடுக்க ஆம்பளை போனால் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள், தான் போனால் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று அவள் கேட்டுப் பார்த்தாள். "பென்சில் புடிக்கிற வேலைய மட்டும் பாரு" என்று பதில் வந்தது. அன்றைக்கே சொந்தமாக ஒரு கேமரா வாங்குவதென்று முடிவு செய்துவிட்டாள்.

வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் தன்னுடைய ஜெர்மனி கேமராவை விற்கிறார் என்ற செய்தி ஸ்டூடியோவுக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் வழியாக அவளுக்குக் கிடைத்தது. மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு லென்ஸ் வைத்து, மேல்மூடியைத் திறந்து குனிந்து பார்த்து எடுக்கிற பெட்டி கேமரா. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம், ஆனால் நெகட்டிவ் பெரிதாக, சதுரமாக விழும். அவர் கேட்ட விலை இரண்டாயிரம். மூன்று வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததையும் காதுத் தோட்டை விற்றதையும் சேர்த்து சித்தியிடம் இருந்தது ஆயிரத்து ஐந்நூறு.

அந்த வாரம்தான் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் என்று எங்கள் பக்கத்துக் கிராமங்களில் எல்லாம் பேச்சாக இருந்தது. என் மாமா சேகர், சித்திக்கு அண்ணன், முதல்நாள் சாயங்காலமே கையில் அரிவாளோடும் துண்டோடும் வடக்கனந்தல் பக்கம் போய்விட்டிருந்தார். இன்னும் ரெண்டு நாள் பொறுத்துப் போயேன் என்று அம்மா சித்தியிடம் கெஞ்சினாள். "ஆத்தூர்லருந்து ஒருத்தரு பாக்க வர்றாராம்க்கா. அவரு வாங்கிக்கினு போய்ட்டா நான் இன்னா பண்றது?" என்றாள் சித்தி. மறியல் என்றால் ஒரு மணி நேரம் ரோட்டில் உட்கார்ந்து எழுந்துவிடுவார்கள் என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்தோம். தனியாக அனுப்ப மனமில்லாமல் அம்மா என்னைக் கூடச் சேர்த்து அனுப்பினாள். கச்சிராயபாளையம் தாண்டி முதல் பஸ் மலையேறியபோது சித்தி பணம் இருந்த மஞ்சள் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள்.

வாத்தியாருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தியாகதுருகத்துக்காரர். மலைக்கு மாற்றலாகி வந்து இருபது வருடமாக அங்கேயே இருந்துவிட்டவர். எல்லோரையும்போல நாங்களும் அவரைச் "சார்" என்றே அழைத்தோம். அவரும் மனைவியும் மட்டும்தான் வீட்டில். பெட்டியிலிருந்து கேமராவை எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, சித்தியின் கையில் கொடுத்தார். தோல் உறை ஓரமெல்லாம் உரிந்திருந்தது. சித்தி லென்ஸை வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தாள். பின்மூடியைத் திறந்து மூடினாள், காதருகே வைத்து ஷட்டரை ஓடவிட்டாள். எல்லாம் சரியாகவே இருந்தது. பிறகு, "நீங்க எடுத்த நெகட்டிவ் இருந்தா காட்டுங்க சார்" என்றாள்.

அவர் முகம் வாடிவிட்டது. "காட்டறேன். ஆனா கடைசி ரெண்டு வருசமா எடுத்தது எதுவும் நல்லா வரலம்மா. மொகமெல்லாம் கலங்கிப் போய்டுது. கேமரா மேல தப்பு இல்ல, என் கண்ணு போச்சு. அதான் விக்கிறேன்."

மலை ஜனங்கள் அவரைத் தேடி வந்து படமெடுக்கச் சொல்வார்களாம். அவருக்குக் காசு ஆசை இல்லை, பிலிம் விலையை மட்டும் வாங்கிக்கொள்வார். ஒரு கிழவர் சாகும் முன் ஒரு படம் வேண்டுமென்று ஏழு மைல் நடந்து வந்து நின்று, எடுத்த படத்தில் முகம் தெரியாமல் போனதிலிருந்து சார் கேமராவைத் தொடவில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த நெகட்டிவ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் எதுவும் சொல்லாமல் உறையில் போட்டுவிட்டாள்.

கீழே இறங்கிய பஸ் திரும்பி வரவில்லை என்ற செய்தி பிற்பகலில் வந்தது. கீழே சாலை நெடுக மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்களாம். மறுநாளும் பஸ் இல்லை. கால்நடையாக மேலே வந்தவர்கள் ஆளுக்கொரு சேதி சொன்னார்கள். போலீஸ் வேன் வந்ததாம், வீடு புகுந்து ஆட்களை ஏற்றினார்களாம், எங்கேயோ துப்பாக்கிச் சூடாம். யாரைக் கேட்டாலும் சிக்கியவர்களின் பெயர் மட்டும் தெரியவில்லை. சித்தி வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்தாள். மழை தூறிக்கொண்டே இருந்தது. சார் மனைவி எங்களுக்குச் சாமைச் சோறும் கீரைக் குழம்பும் போட்டு, மாற்றுப் புடவையும் கொடுத்து, "எத்தினி நாளானாலும் இருங்க, எங்களுக்கும் பேச்சுத் தொணையா இருக்கும்" என்றார். மாமாவை நினைத்து எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

இரண்டாம் நாள் காலையில் சித்தி விலை பேசினாள்.

"தோல் உரிஞ்சிருக்குது சார். படமும் ஷார்ப்பா இல்ல. ஆயிரத்து நானூறுன்னா எடுத்துக்கறேன்."

"படம் என் கண்ணாலம்மா..."

"அத நான் வூட்டுல எப்டிங்க சொல்றது? மங்கலா எடுக்கற கேமராவுக்கு ரெண்டாயிரம் குடுத்தியான்னுதான் கேப்பாங்க."

அவர், "சரி, எடுத்துக்கோ. பொம்பளப் புள்ள, ஆசையா வந்திருக்க" என்றார். சித்தி பதினான்கு நூறு ரூபாய்த் தாள்களை எண்ணிக் கொடுத்தாள். கேமரா மஞ்சள் பைக்குள் போனது. ஆசைப்பட்டது கைக்கு வந்த நாளில் அவள் துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவளோ எனக்கு நேராகக்கூட முகத்தைத் திருப்பவில்லை.

மூன்றாம் நாள் சார் மனைவியோடு ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் என் குதிகாலில் முள் ஏறிவிட்டது. வெளியே நுனிகூடத் தெரியாமல் உள்ளே முறிந்துபோயிருந்தது. வலியில் நான் கத்த, சார் படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் காலைத் தன் முழங்கால்மேல் வைத்து, ஒரு ஊக்கின் முனையால் தோலை விலக்கி அந்த முள்ளை எடுத்துவிட்டார். மயிர் கனம்தான் இருக்கும். அதைத் தன் உள்ளங்கையில் வைத்து, "பாரு பாப்பா, இதுக்கா இந்தக் கூச்சல்" என்று சிரித்தார்.

நான் நொண்டிக்கொண்டே சித்தியிடம் போய், மனதில் பட்டதை அப்படியே கேட்டேன். "கண்ணு போச்சுன்னாரே, இத்தினூண்டு முள்ளு மட்டும் எப்டி சித்தி தெரிஞ்சுது?"

சித்தி என்னை அடிக்க வருகிறவள்போலப் பார்த்தாள். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு நேராக சாரிடம் போனாள்.

"சார், உங்க கண்ணு நல்லா இருக்குது. நெகட்டிவெல்லாம் இன்னொரு தபா பாருங்க" என்று அவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். ஒரு படத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் முகம் கலங்கலாக இருந்தது, ஆனால் பின்னால் இருந்த சுவரின் கீறல்வரை தெளிவு. இன்னொன்றில் தாய் முகம் மங்கல், அவளுக்கு ஒரு முழம் பின்னால் நின்ற குழந்தையின் முகம் பளிச்சென்று. எல்லாப் படத்திலும் அப்படித்தான், ஆளுக்குக் கொஞ்சம் பின்னால் இருப்பது மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது. "கண்ணு சரியில்லன்னா ஒன்னு முன்ன விழும், ஒன்னு பின்ன விழும். ஒரே மாரி விழுந்துக்கினு இருந்தா அது கேமரா. இத எப்பயாச்சும் கழட்டினீங்களா?"

இரண்டு மழைக்கு முன்னால், குனிந்து பார்க்கிற சொரசொரப்புக் கண்ணாடியில் எறும்பு புகுந்துவிட்டதென்று அதைக் கழற்றித் துடைத்து மாட்டியது அவருக்கு நினைவு வந்தது. சித்தி மூக்குக்கண்ணாடி திருகும் சிறு திருப்புளியை வாங்கி நான்கு திருகுகளைக் கழற்றினாள். கண்ணாடி தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது. சொரசொரப்புப் பக்கம் கீழே இருக்க வேண்டும், மேலே இருந்தது. புரட்டி மாட்ட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வீட்டில் ஒரே ஒரு சுருள் பிலிம் பாக்கி இருந்தது. சார் தன் மனைவியை வாசலில் உட்காரவைத்து எடுத்தார், என்னை எடுத்தார், சித்தியை எடுத்தார், வழியில் போன ஒரு மலைக்காரரை நிறுத்தி எடுத்தார். அடுப்பங்கரை ஜன்னலைக் கம்பளியால் மூடி, இருட்டில் சுருளை டப்பாவுக்குள் போட்டு அவரே கழுவினார். ஈரம் சொட்டச் சொட்ட அந்தச் சுருளை வாசலுக்குக் கொண்டுவந்து, மனைவியின் முகம் இருந்த கட்டத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தவர் அதைக் கீழே இறக்கவே இல்லை. அந்த அம்மாதான், "இன்னாங்க, நல்லா வந்திருக்குதா?" என்று நாலைந்து தடவை கேட்டார்.

பிறகு சார் சித்தியைப் பார்த்து, "இப்ப இது இன்னா வெல போவும்?" என்றார்.

"ரெண்டாயிரத்துக்கு ஒரு பைசா கொறையாதுங்க. கூடவே கேக்கலாம்."

"உங்கிட்ட?"

"மொத்தமே ஆயிரத்து ஐநூறுதாங்க சார்."

"கண்ணு போச்சுன்னு நெனச்சுத்தாம்மா விக்கிறேன்னு சொன்னேன். இப்ப குடுக்க மனசு வரல. நீ வாங்கிட்ட, உன் பொருளுதான். நீ முடியாதுன்னு சொன்னா நான் ஒன்னும் சொல்லமாட்டேன்."

சித்தி கேமராவை எடுத்து அவருடைய மேசைமேல் வைத்தாள். அவர் உள்ளே போய் அந்தப் பதினான்கு தாள்களையும் எடுத்துவந்து கொடுத்தார்.

மறுநாள் விடிந்ததும் நாங்கள் நடந்தே கிளம்பிவிட்டோம். பொட்டலம் கட்டிய சாமைச் சோற்றையும் ஒரு பாட்டில் தேனையும் நான் சுமந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் சித்தி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முன்னே நடந்தாள். கோமுகி அணை கண்ணில் படுகிற இடத்தில் ஒரு கல்மேல் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "மொத நாளே தெரியும்டி எனக்கு" என்றாள். "அந்த நெகட்டிவ பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் வெலய கொறச்சேன். கள்ளக்குறிச்சி போய் நானே சரி பண்ணிக்கலாம்னு இருந்தேன். நீ பாட்டுக்கு முள்ளு முள்ளுன்னு வந்து நின்ன." என்னால்தான் எல்லாம் கெட்டது என்று மட்டும் எனக்குப் புரிந்தது. கச்சிராயபாளையம் போய்ச் சேரும்வரை நானும் அழுதுகொண்டே நடந்தேன்.

கீழே சாலையைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது. நான் பிறந்ததிலிருந்து நிழல் விரித்து நின்ற புளியமரங்கள் வரிசையாக விழுந்து கிடந்தன. பச்சை இலை இன்னும் வாடவில்லை. கிளைகளுக்குள் நுழைந்தும் அடிமரங்களை ஏறித் தாண்டியும் வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மாமாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. எந்த ஊர்ச் சிறையில் வைத்திருக்கிறார்கள் என்றுகூட அம்மாவுக்குத் தெரியவில்லை. சித்தி மஞ்சள் பையை அம்மா கையில் கொடுத்தாள். கடலூர்ச் சிறைக்கு அலைந்ததிலும் வக்கீலுக்குக் கொடுத்ததிலும் அந்தப் பணம் போனது. மாமா ஒன்றரை மாதம் கழித்து, பாதி எடையில் வீட்டுக்கு வந்தார்.

சித்தி மறுபடி "டச்சிங்" மேசைக்கே போனாள். மறு வருடம் ரிஷிவந்தியத்தில் அவளுக்குக் கல்யாணமானது. அந்தக் கல்யாணத்தில் பெண்கள் பக்கம் படமெடுக்க வந்தவரும் ஓர் ஆண்பிள்ளைதான். அவள் கடைசிவரை கேமரா வாங்கவில்லை. சார் ஓய்வு பெறும்வரை வெள்ளிமலையில் படமெடுத்துக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டோம். அவருக்குப் பிறகு அந்தக் கேமரா யார் கைக்குப் போனதோ தெரியாது.

அந்தப் புளியமரங்கள் இருந்த சாலை இப்போது அகலமாக, நிழலே இல்லாமல் கிடக்கிறது. ஸ்டூடியோ இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். பிலிம் என்றால் என் மகள் சினிமாவென்று நினைக்கிறாள். போன தீபாவளிக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது, இத்தனை வருடமாக உள்ளே அரித்துக்கொண்டிருந்ததை ஒருவழியாகக் கேட்டுவிட்டேன். "நான் அன்னிக்கு வாய வெச்சுக்கினு சும்மா இருந்திருக்கலாம் இல்ல சித்தி? அவருகிட்ட சொன்னதுக்கு உனக்கு வருத்தம்தானே?"

முறுக்கு பிழிந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"சொன்னதுக்கு இன்னாடி வருத்தம்? அது சொல்ல வேண்டியதுதான். ஐநூறு ரூபா கம்மியா இருந்திச்சு பாரு, அந்த ஆத்திரந்தான் இன்னும் அடங்கல" என்றாள்.