சம்பவப் புத்தகத்தில் எழுதிய வரி

தொண்ணூறுகளின் நடுவில், இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. எனக்கு வலிப்பு உண்டு. அது அங்கே யாருக்கும் தெரியாது. மாத்திரைகளை விட்டமின் போத்தலில் போட்டு வைத்திருந்தேன். வகுப்பில் கண் லேசாகக் கூசினாலே, வரப்போகிறது, எல்லாருக்கும் தெரியப்போகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன்.

ஒருநாள் காலைக் கூட்டத்தில் விழுந்தது நான் அல்ல, என் ஐந்தாம் வகுப்பு மாணவி. "காக்கா வலிப்பு!" என்று கத்திக்கொண்டு பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். யாரோ சாவிக்கொத்தை அவள் கையில் திணிக்கப் பார்த்தார்கள். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கால் நகரவில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டால்? நானும் இப்படித்தான் துடிப்பேனா? என்னை நான் பார்த்ததே இல்லை. கடைசியில் ஓடிப்போய் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். சில நிமிடங்களில் கண் திறந்தாள்.

எங்கள் தலைமை ஆசிரியரான அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். பாடசாலையில் நடப்பதையெல்லாம் பதியும் சம்பவப் புத்தகத்தை என் முன்னால் வைத்தார்.

"எழுதுங்கோ டீச்சர். இம்மாணவி ஒரு வலிப்புக்காரி. ஏனைய மாணவர்களுக்கு ஆபத்தானவள்."

அவர் சொன்னபடியே எழுதினேன்.

மறுநாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய அம்மா, கொழுந்துக் கூடையை இறக்காமலே வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், புத்தகத்துல எழுதியாச்சு, இனி அனுப்பாதீங்கன்னு பெரிய சேர் சொல்லிட்டாங்க. லயத்து வீடுகள்ல இப்ப எல்லாரும் வலிப்புக்காரின்னுதான் கூப்புடுறாங்க. எம்புள்ளைக்குப் பேரு இல்லீங்களா? யாருங்க அப்படி எழுதுனது?"

நான்தான் என்று சொல்லாமல், "சேர்கிட்ட பேசுறேங்க" என்றேன்.

பாடசாலை விட்டதும் அதிபரிடம் போனேன்.

"சேர், அந்த வரிய மாத்தி எழுதணும்."

"ஏன்? உண்மையைத்தானே எழுதினனாங்கள்?"

"வலிப்பு இருக்கறது உண்மை சேர். ஆபத்துங்கறது உண்மை இல்ல. வலிப்புக்காரின்னு ஒரு புள்ளைய எழுதக் கூடாது." வாசலில் யாரும் இல்லையே என்று திரும்பிப் பார்த்தேன். "எனக்கும் இருக்கு சேர்."

அவர் பேனாவை மூடினார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"வகுப்பில நீங்கள் விழுந்தா?"

"அன்னைக்கு அவளுக்குச் செஞ்சதத்தான் எனக்கும் செய்யணும் சேர்."

"அப்ப அதையே எழுதுங்கோ" என்றார். பிறகு பழைய வரியைத் தானே வெட்டிவிட்டுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். எழுதினேன்: 'மாணவிக்கு வலிப்பு உண்டு. சில நிமிடங்களில் தெளிந்தாள். மறுபடி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தெளியும்வரை அருகில் இருக்க வேண்டும். வழக்கம்போல் பாடசாலைக்கு வரலாம்.' கீழே அவர் கையெழுத்திட்டார்.

திங்கட்கிழமை அவள் வந்தாள். அதே வாங்கில், அதே தோழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

என் பயம் மட்டும் போகவில்லை. கல்வி அலுவலகமான கந்தோரிலிருந்து கடிதம் வரும்போதெல்லாம், என் விஷயம்தானோ என்று முதலில் என் பெயரைத் தேடுவேன். அதிபர் யாரிடமும் சொல்லவில்லை என்பது தெரிய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. பிறகு திம்புள்ளப் பக்கம் மாற்றலாகிப் போனபோது, படிவத்தில் 'உடல்நிலை' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு எழுதியவள், எனக்கான அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டு, படிவத்தைக் கொடுத்தேன்.