பையன் யார் அனுபவத்தில் இருக்கிறான்?

“பையன் இப்ப யாரு அனுபவத்துல இருக்கான்?”

தஞ்சாவூரில் ஒரு வக்கீல் இரண்டு வாரம் முன்பு என்னிடம் கேட்டது. பையனைப் பெற்ற என் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் கேள்வி எனக்கு. வீட்டில் முதலில் படித்தவன் நானாம்!

அனுபவம் என்பது நிலத்துக்குக் கேட்பது. பட்டா யார் பேரில் வேண்டுமானாலும் இருக்கட்டும்... உழுது அறுப்பது யார்?

தப்பு எங்கள் மேலும்தான். எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே வக்கீல் – வரப்பு, வாய்க்கால் தகராறுக்கு. அக்காவின் விவாகரத்துக்கும் அப்பா அவரிடமே அழைத்துப் போனார். பல்வலிக்கு மாட்டு டாக்டரிடம் போன கதை.

“பட்டுக்கோட்டையில அவங்க அப்பாகிட்ட இருக்கான் சார். லீவுக்குக் கூட்டிட்டுப் போனவர் திருப்பி அனுப்பல. அங்கயே ஸ்கூல்ல சேத்துட்டார்” என்றேன்.

“அப்ப முதல்ல கையில எடுங்க தம்பி. ஸ்கூல் விடுற நேரமாப் பாத்து நாலு பேர் போய் வண்டியில ஏத்திட்டு வந்துடுங்க. அப்புறம் அவர் கோர்ட்டுக்கு அலையட்டும்.”

அப்பா தலையாட்டினார். வாய்க்காலோரத்து வயலை நாங்கள் காப்பாற்றியதே அப்படித்தான் – வழக்கு நடக்கும்போதே இறங்கி நாற்று நட்டு.

“பயந்துருவான் சார். ஏழு வயசு” என்றாள் அக்கா.

வக்கீல் அவள் பக்கமே திரும்பவில்லை. “நீங்க படிச்சவரு, எடுத்துச் சொல்லுங்க தம்பி.”

எதை எடுத்துச் சொல்ல? பெற்ற பிள்ளையைத் திருடுவது எப்படி என்றா? சட்டம் படித்தவர், கறுப்புக் கோட்டு போட்டவர்... பையன் பேர் என்ன என்றுகூடக் கேட்கவில்லை!

வீட்டுக்கு வந்ததும் அப்பா சித்தப்பாவுக்கு போன் போட்டார். “ஒரு வேன் சொல்லி வைடா.” எங்கள் ஊரில் வேன் சொன்னால் அது ரகசியமா? சாயங்காலத்துக்குள் டீக்கடை வரைக்கும் போய்விட்டது.

அக்கா சத்தமே போடவில்லை. “வேன் கெளம்புனா நான் முன்னாடி படுத்துக்குவேன்ப்பா. என் மேல ஏத்திட்டுப் போயிக்க.”

வேன் கிளம்பவில்லை.

அப்புறம் நானே விசாரித்து, குடும்ப நீதிமன்ற வழக்குகள் நடத்தும் ஒரு பெண் வக்கீலைப் பிடித்தேன். அவர் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. அக்காவிடம், “பையன்கிட்ட கடைசியா எப்பம்மா பேசுனீங்க?” என்றார். அந்தக் கேள்விக்குத்தான் அக்கா முதல்முறையாக அழுதாள்.

“தூக்கிட்டு வந்தா கோர்ட்ல நாமதான் பதில் சொல்லிட்டு நிக்கணும். பையனை உங்ககிட்ட ஒப்படைக்கச் சொல்லி மனு போடுவோம். அதுவரைக்கும் பேசவும் பாக்கவும் ஏற்பாடு பண்ணுவோம்.”

எதிர்த் தரப்பு வக்கீலிடம் அவரே பேசினார். ஞாயிற்றுக்கிழமை பட்டுக்கோட்டையிலிருந்து போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட அவன் விடவில்லை.

“அம்மா, மாமா வேன்ல வந்து என்னைத் தூக்கிட்டுப் போவாராமே?”

மாமா என்றால் நான்!

“யாருடா சொன்னா?”

“எல்லாரும் சொல்றாங்க. அப்பாவோட வக்கீல் அங்கிள் என்னை வெளியில விடக் கூடாதுன்னுட்டாரு. கைய விட்டுப் போயிட்டா திரும்பக் கெடைக்காதாம். ஒரு வாரமா ஸ்கூலுக்கே அனுப்பலம்மா... நீ மாமாகிட்ட சொல்லேன், வர வேணாம்னு.”

அந்தப் பக்கத்துக்கும் வயல் வக்கீல்தான் கிடைத்திருக்கிறார்.