ஃபைபரும் நானே, இன்டர்நெட்டும் நானே

நெட்வொர்க் வேலைக்கு வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது "பழுது எங்கள் பக்கம் இல்லை" என்று சொல்லத்தான். ரிப்பேர் செய்வதெல்லாம் பிறகு. லைன் போய்விட்டது என்று போன் செய்து, அரை மணி நேரம் காத்திருந்து, கடைசியில் வேறொரு நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு நொந்துபோன புண்ணியவான்களே, அந்த நம்பரைக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. மன்னித்துவிட்டு மேலே படியுங்கள்.

இரண்டு அறை, ஒரு மஞ்சள் ஒயர்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், வேலூரில் எங்கள் அலுவலகத்தில் இன்டர்நெட் பிரிவும் ஃபைபர் பிரிவும் பக்கத்துப் பக்கத்து அறைகள். ஆம்பூர் வரை மண்ணுக்கடியில் போகும் கண்ணாடி இழைக்கு ஃபைபர் பிரிவு பொறுப்பு. அதன் வழியே போகிற மெயிலுக்கும் மற்றதுக்கும் இன்டர்நெட் பிரிவு பொறுப்பு. இரண்டையும் இணைத்தது, உள்ளே அதே கண்ணாடி இழை ஓடும் ஒரு மஞ்சள் ஒயர். நடுச்சுவரில் துளை போட யார் அனுமதி வாங்குவது என்று முடிவாகாததால், அது ஒரு வாசல் வழியாக வெளியே வந்து, வராந்தாச் சுவரோரமாக ஊர்ந்து, அடுத்த வாசல் வழியாக உள்ளே போகும்.

எங்கள் இரண்டு அறைக்கும் நடுவில் அதிகம் அலைந்தவர் நஸீர் பாய். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் எக்ஸ்போர்ட் மேனேஜர். இன்டர்நெட்டைக் கேட்டால் "ஃபைபரைக் கேளுங்க" என்போம், ஃபைபரைக் கேட்டால் "இன்டர்நெட்டைக் கேளுங்க" என்பார்கள். ஒரு நாள் இரண்டு பிரிவுக்கும் இனி நான் ஒருத்தியே அதிகாரி என்று ஆர்டர் வந்தது. பெருமை தாங்காமல் அவருக்கு நானே போன் செய்து சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "அப்டின்னா மேடம், இனிமே 'எங்க பக்கம் இல்ல'ன்றத ஒரே வாட்டி சொல்லி முடிச்சிடுவீங்களா?"

வெயிலில் சாலமன்

இன்டர்நெட் பிரிவின் சாலமன் ஏசி அறையை விட்டு வெளியே வராதவர். ஃபைபர் பிரிவின் ஏகாம்பரம், நெமிலிக்காரர், அறைக்குள் உட்கார்ந்தே நான் பார்த்ததில்லை. ரோடு அகலப்படுத்தப் பொக்லைன் தோண்டிக்கொண்டிருந்த காலம். வாரத்துக்கு ஒரு முறையாவது எங்கேயாவது கேபிள் அறுந்துவிடும். ஏகாம்பரம் பள்ளத்தில் இறங்கி ஒட்டவைத்துக்கொண்டிருப்பார், சாலமன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் செய்து "முடிஞ்சிதா?" என்று பிராணனை வாங்குவார்.

ஒற்றுமையை வளர்க்கிறேன் என்று சாலமனைப் பள்ளிகொண்டா பக்கம் அனுப்பினேன். ஒட்டவைக்கிற இடத்தில் தூசி படக்கூடாது என்று குடையைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். குடை கண்ணாடி இழைக்கு, வெயில் சாலமனுக்கு. தலைமுடி மாதிரி இருந்த அந்த இழையைப் பார்த்து, "இதுக்குள்ளயா எல்லாம் போவுது?" என்று வாயைப் பிளந்தாராம். ஏகாம்பரம் தலையைத் தூக்காமலேயே சொன்னாராம்: "நீங்க ஏசில உக்காந்து அனுப்புறதெல்லாம் இந்த வெயில்லதான் சார் போவுது."

எனக்கு நான் எழுதிய கடிதம்

ஒற்றுமைக்கு அடுத்த படியாக, இரண்டு அறைக்கும் பொதுவாக ஒரு பெரிய இரும்புச் செருப்பு ஸ்டாண்டு வாங்கி வராந்தாவில் போடச் சொன்னேன். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பு கூடாது என்பது அன்றைய சட்டம். அந்த வாரத்திலிருந்தே ஆம்பூர் லைன் வருவதும் போவதுமாக இருந்தது. சாலமன் தன் பெட்டிகளைச் சோதித்தார், எல்லாம் சரி. ஏகாம்பரம் தன் அறையிலிருந்து ஆம்பூர் வரை சோதித்தார், அதுவும் சரி.

பழைய பழக்கம் போகுமா? இன்டர்நெட் அதிகாரி என்ற முறையில் ஃபைபர் அதிகாரிக்கு, பழுது எங்கள் பக்கம் இல்லை என்று ஒரு காட்டமான கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலை அது என் மேஜைக்கே வந்தது. படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. "எங்கள் பக்கம் பழுது எதுவும் இல்லை" என்று பதில் எழுதி, அதற்கும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தேன். சாலமன் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். பிறகு ரொம்பப் பணிவாகச் சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் ஒரு வாட்டி நேர்ல பேசிப் பாத்தா நல்லா இருக்கும் மேடம்."

நஸீர் பாய் நேரில் வந்தார்

அந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நஸீர் பாய் ஆம்பூரிலிருந்து காரில் வந்து இறங்கினார். அவர் ஷூவையும் கழற்ற வைத்தோம். ஸ்டாண்டு நிரம்பி வழிந்ததால் ஒரு ஷூ பின்பக்கமாக விழுந்துவிட்டது. ஸ்டாண்டை முன்னால் இழுத்து, அதை எடுத்து வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"அஞ்சு மணிக்குள்ள சாம்பிள் படமெல்லாம் இத்தாலிக்குப் போய்ச் சேரணும் மேடம். இல்லன்னா ஆர்டர் வேற ஊருக்குப் பூடும். ஷூ தைக்கிற பொம்பளைங்கள திங்கக்கிழமை வர வேணாம்னு நான்தான் சொல்லணும். எந்த மூஞ்சிய வெச்சிகினு சொல்றது?" என்றார். என் இரண்டு பதவிகளையும் நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது அவர் செல்போன் அடித்தது. கம்பெனியிலிருந்து: நெட் வந்துவிட்டது, மெயில் போக ஆரம்பித்துவிட்டது. "நான்தான் ரீசெட் பண்ணேன்" என்றார் சாலமன். நானும் ஏதோ செய்ததுபோல் தலையாட்டினேன். அதே நேரம் உள்ளே வந்த ஏகாம்பரம், வழியை மறித்திருந்த ஸ்டாண்டைச் சுவரோடு ஒட்டித் தள்ளினார். செல்போன் மறுபடி அடித்தது. நெட் போய்விட்டது.

நஸீர் பாய் நேரே வராந்தாவுக்கு, அந்த ஸ்டாண்டிடம் போனார். குனிந்து பார்த்தார். ஸ்டாண்டின் இரும்புக்கால், அந்த மஞ்சள் ஒயரைச் சுவரோடு மடக்கி நசுக்கிக்கொண்டிருந்தது. இழைக்குள் போகிற ஒளி மடிப்பைத் தாண்டிப் போகாது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். ஆனால் வராந்தா எந்தப் பிரிவிலும் வராதே! அவர் ஸ்டாண்டை இழுத்து, மறுபடி யாரும் தள்ளிவிடாதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் பிடித்துக்கொள்கிறேன் என்று நானும் ஏகாம்பரமும் மாறி மாறிச் சொன்னோம், விடவில்லை. எங்கள் செருப்புகளுக்கெல்லாம் காவலாக, காலில் வெறும் சாக்ஸோடு அப்படியே நின்றார். ஐந்து அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, எல்லாப் படமும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று போன் வந்தது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் ஷூ தெச்சி அனுப்புறோம் மேடம், கடசீல எங்க மெயிலு உங்க செருப்புக்கு அடியிலதான் கெடந்திச்சா?"

ஒயரை அன்றே தூக்கிக் கட்டிவிட்டோம், ஆனால் ஃபைலைப் புரட்டினால் இன்றைக்கும் பழுது இன்டர்நெட் பக்கமும் இல்லை, ஃபைபர் பக்கமும் இல்லை, இரண்டு கடிதத்துக்கும் கீழே இருப்பது என் கையெழுத்துதான்.