எஞ்சின் வாய்க்குள் ஒரு ஸ்பானர்

எழுபதுகளின் கடைசியில், புனாவில் விமானம் பழுதுபார்க்கும் ஒரு கூடத்தில் வேலை பார்த்தேன். அங்கே எஞ்சினுக்குப் பெரிய எதிரி நாங்கள்தான், நாங்கள் மறந்து விட்டுப்போகும் சாமான்தான். ஓடும் எஞ்சின் காற்றோடு சின்ன நட்டு ஒன்றை உறிஞ்சினாலும் போதும், உள்ளே சுழலும் பிளேடுகள் நாசம். அதனால் எங்கள் உடுப்பில் பைகளையே தைத்து மூடியிருந்தார்கள். சுவர்ப்பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவம் வரைந்திருக்கும். எடுப்பவர் அந்த இடத்தில் தன் எண் போட்ட பித்தளை டோக்கனை மாட்ட வேண்டும். அதை இன்னொருவருக்குத் தரவே கூடாது.

நான் தந்தேன். கேட்டவர் என் சகலை, மனைவியின் அக்கா கணவர். அந்தக் கூடத்தில் நாங்கள் இருவர்தான் தமிழர்கள். அவருடைய டோக்கன்கள் தீர்ந்துவிட்டன. "சகல, ஒண்ணு குடு, அஞ்சு நிமிஷத்துல திருப்பித் தர்றேன்" என்றார். சொந்தக்காரரிடம் சட்டம் பேசுவதா என்று எடுத்து நீட்டினேன். சுத்த மடத்தனம்.

சாயங்காலம் அவர் வேலை பார்த்த விமானத்தை வெளியே நிறுத்தி, எஞ்சினை ஓட்டிப் பார்க்க ஆயத்தமானார்கள். அப்போதுதான் பலகையில் ஒரு ஸ்பானர் குறைவதை போர்மேன் கவனித்தார். அந்த இடத்தில் தொங்கியது என் டோக்கன். அன்று நான் உள்ளே வேறொரு எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஸ்பானர் என் மேஜைப் பக்கம்தான் கிடக்கும், தேடு என்று போர்மேன் என்னிடம் சொல்லிவிட்டு, வெளியே கிளப்பச் சொல்லிக் கை காட்டினார்.

சகலை என் பக்கத்தில் வந்து நின்றார். அத்தனை பேர் காது கேட்க, தமிழில் சொன்னார்: "அந்த எஞ்சின் வாயிலதான் விட்டுட்டேன் போலிருக்கு. நீ விட்டதா சொல்லி நிறுத்திடு. நான் புள்ளகுட்டிக்காரன்."

"பந்த் கரோ! ஸ்பானர் அந்தர் ஹை!" நிறுத்துங்கள், ஸ்பானர் உள்ளே இருக்கிறது என்று இந்தியில் கத்திக்கொண்டு ஓடினேன். நிறுத்தினார்கள். உள்ளே கைவிட்டு ஸ்பானரை எடுத்தார்கள்.

"துஜே கைசே மாலூம்?" என்று போர்மேன் கேட்டார். உனக்கு எப்படித் தெரியும்? சகலையைக் காட்டி, இவர்தான் இப்போது சொன்னார் என்றேன். "மைனே குச் நஹி கஹா, சாப்" என்றார் அவர், கண்கூட இமைக்காமல். நான் ஒன்றும் சொல்லவில்லை ஐயா.

என்னை எஞ்சின் வேலையிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு அனுப்பினார்கள். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அத்தோடு போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அவர் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். அடுக்களையில் மனைவி என்னிடம், "மாமாதான் பெரிய ஆபீசருங்க கால்ல விழுந்து உங்க வேலையக் காப்பாத்தினாராம். ஒரு வார்த்த நன்றி சொல்லுங்க" என்றாள்.

நடந்ததை முழுவதும் அவளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அவ்ளோ பேர் முன்னாடி சொன்னாராம், உங்க ஒருத்தருக்குத்தான் புரிஞ்சுதாம். தப்பு பண்ணா ஒத்துக்கோங்க. அக்கா காதுல விழப்போவுது" என்று சொல்லிவிட்டு, முதல் காபியை அவருக்கு எடுத்துப் போனாள்.