தப்பால்காரர் பேரை வெட்டவில்லை

பரீதா டீச்சர் போய்விட்டார். இன்று விடியற்காலை, பதுளை ஆஸ்பத்திரியில்.

முப்பத்தாறு வயசு. இதெல்லாம் ஒரு வயசா...

நான் ஆட்டோ ஓட்டுகிறவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பண்டாரவளையில் ஒரு ஹார்ட்வேர் கடையின் மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய ஆட்களுக்கு பிரெஞ்சு கிளாஸ் நடத்தினார். எல்லவுக்குச் சுற்றுலா வரும் பிரெஞ்சுக்காரர்களிடம் நாலு வார்த்தை பேசினால் ஆட்டோவுக்கு ஹயர் கிடைக்குமே என்று நானும் போய்ச் சேர்ந்தேன்.

முதல் நாளே புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டார்.

"இன்னையிலருந்து நாம எல்லாரும் ஒரே லயத்துல இருக்கோம். கோப்பி செத்து தேயிலை வந்த காலம். வெள்ளைக்காரன் ஆட்சி. ஆளுக்கொரு காம்பரா."

எனக்கு வந்ததே கோபம். நான் பூனாகலைத் தோட்டத்தில், வரிசைவீட்டு லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவன்.

"டீச்சர், அந்தக் காம்பராவ விட்டு வெளிய வரத்தான் நாங்க இம்புட்டுப் பாடுபடுறோம். பீஸ் கட்டித் திரும்ப உள்ள போகச் சொல்றீங்களே, நல்லா இருக்குங்களா?"

சிரித்தார். "அந்தக் காலத்துல போன் இல்லண்ணே. கூகுள் இல்ல. ஒரு கை உப்பு வேணும்னாலும் அடுத்த காம்பராவுல போய் வாயத் தொறந்து கேக்கணும். அதுக்குத்தான்."

அப்படித்தான் உப்பு கேட்டோம். விறகு கேட்டோம். கொழுந்துக்கூடை யாருடையது என்று சண்டை போட்டோம்... எல்லாம் பிரெஞ்சில்.

நடுவில் இங்கிலீஷ் வந்தால் அரைப் பேர். தோட்டத்தில் அரை நாள் சம்பளத்தை வெட்டுவதற்கு அந்தப் பேர்தான். கிளாஸில் அரைப் பேர் வாங்கியவன் கடைசியில் பெஞ்ச் அடுக்க வேண்டும். 'ஓகே' என்ற ஒற்றை வார்த்தையால் முக்கால்வாசி நாள் நான்தான் அடுக்கினேன்.

எனக்குக் கங்காணி வேஷம். டீச்சரைத் துரையாக இருக்கச் சொன்னோம், மாட்டேன் என்றார். பதுளையிலிருந்து கடிதப் பையைச் சுமந்து மலையேறி வரும் தப்பால்காரர் வேஷத்தை எடுத்துக்கொண்டார். நிஜமாகவே பதுளை பஸ்ஸில்தான் வருவார், எப்போதும் லேட்.

கிளாஸ் பெரட்டில்தான் தொடங்கும். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது போல, நான் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவேன். வராத ஆளுக்கு, வந்தவர்கள் யாராவது பிரெஞ்சில் ஒரு காரணம் சொல்லிக் காப்பாற்ற வேண்டும். மாடு தொலைந்துவிட்டது, அட்டை கடித்துவிட்டது... வாய்க்கு வந்ததைச் சொல்லலாம்.

ஒரு தடவை எங்களோடு படித்த வெலிமடை நிஸாம் நானா, லீக்ஸ் காய்கறி வியாபாரி, வராத ஒருவரின் பேர் வந்ததும் "செத்துட்டான்" என்று பிரெஞ்சில் போட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

டீச்சர் சிரிக்கவில்லை. "செத்தா பேர வெட்டிருவாங்க நானா. காம்பராவையும் வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. அது வேணாம், வேற காரணம் சொல்லுங்க."

அப்போதே தன் உடம்பு வருத்தம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்களிடம் மூச்சு விடவில்லை.

செல்வியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் கிளாஸில் படிப்பவள், தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பிள்ளை, புருஷன் விட்டுப் போய்விட்டான், கைக்குழந்தை இருக்கிறது. எல்லவில் ஒரு ஹோட்டல் ரிசப்ஷனில் பிரெஞ்சு பேசுகிற ஆள் கேட்டிருந்தார்கள். அது கிடைக்காவிட்டால் குவைத்துக்கு வீட்டுவேலை. ஏஜென்ட் கையில் பாஸ்போர்ட் கொடுத்தாகிவிட்டது. குழந்தையை யாரிடம் விடுவது என்றுகூட இன்னும் முடிவாகவில்லை.

புத்தகத்தைப் பார்த்து அழகாகப் படிப்பாள். ஆள் முகத்தைப் பார்த்தால் வாய் பூட்டிக்கொள்ளும். பெரட்டில் ஒரு நாள்கூட யாருக்கும் ஒரு காரணம் சொன்னதில்லை. இன்டர்வியூ நாளைக்கு.

போன வாரம் வார்டில் டீச்சரைப் பார்க்கப் போனேன். எலும்பும் தோலுமாகக் கிடந்தார். என் குழந்தைகுட்டி சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை.

"செல்வி வாயத் தொறந்தாளாண்ணே?"

"இல்லீங்க டீச்சர்."

கண்ணை மூடிக்கொண்டார். "திங்கக்கிழமைக்குள்ள எப்படியாச்சும் தொறக்க வைங்க. எனக்கு நாள் பத்தாது."

பத்தவில்லை.

இன்று மதியம் ழுஹர் தொழுகை முடிந்து அடக்கம். கிளாஸ் ஆண்கள் மையவாடி வரைக்கும் போனோம். செல்வி டீச்சர் வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது அவளையும் என் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டேன். யாரும் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் மேல்மாடிக்குத்தான் போனோம். ஞாயிற்றுக்கிழமை இல்லையா... கால் தானாகப் போய்விட்டது.

பெஞ்ச் நான் அடுக்கிய மாதிரியே இருந்தது. எடுத்துப் போட்டு உட்கார்ந்தோம்.

நிஸாம் நானாதான் சொன்னார். "கங்காணி, பெரட்டக் கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். ஒவ்வொருவராக 'ப்ரெஸான்' என்று ஆஜர் சொன்னார்கள். கடைசிப் பேர் தப்பால்காரர். வேண்டாம் என்றுதான் நினைத்தேன். வாய் கூப்பிட்டுவிட்டது.

நிஸாம் நானா தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

அப்போது செல்வி எழுந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என் முகத்தைப் பார்த்தபடி பேசினாள். பிரெஞ்சில்... புத்தகம் இல்லாமல்.

மேலே பெரிய மழை. ஆறு பெருகிவிட்டது. தப்பால்காரர் அந்தக் கரையில் பையை நனையாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தண்ணீர் வடிந்ததும் வருவார். பேரை வெட்டாதீர்கள்.

நாளைக்கு அவளை எல்லவுக்கு என் ஆட்டோவில்தான் கூட்டிப் போகிறேன்.

பேரை வெட்டவில்லை டீச்சர். மெதுவா வாங்க.