கண்ணாடிப் பெட்டிப் பிள்ளையாருக்குப் பதினோரு சுற்று

போன மாதம் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை. காலை பத்து மணி நாற்பது நிமிடம். ஒன்பது டிகிரி குளிர், போதாததற்குத் தூறல். பெர்லினில் ஒரு மியூசியத்துக்குள் நானும் என் மனைவி விசாலமும் டிக்கெட்டும் கையுமாக நுழைந்தோம்.

ஓவியம் பார்க்கவா? அதெல்லாம் இல்லை. பிள்ளையாரைச் சுற்ற.

அந்த ஊரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் கவிதாவுக்கு அன்று பதினோரு மணிக்கு டிரைவிங் டெஸ்ட். மூன்றாவது முறை. இரண்டு முறை ஃபெயிலானதில் பெண் சரியாகச் சாப்பிடுவதில்லை, சிரிப்பதில்லை. டெஸ்ட் தொடங்குவதற்குள் பிள்ளையாரைப் பதினோரு சுற்று சுற்றுவதாக விசாலம் வேண்டிக்கொண்டுவிட்டாள் — அதுவும் சுற்றி முடிக்கும்வரை வாய் பேசாமல். கோயிலுக்குப் போக இரண்டு ரயில் மாற வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே பிள்ளையார் இந்த மியூசியத்தில்தான் இருந்தார்.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிறவருக்கு வேண்டுதல் கேக்குமா?" என்றேன்.

"நம்ம ஊர்ல கம்பிக் கதவுக்குள்ள இருக்கிறவருக்குக் கேக்கலையா? நீங்க எண்ணிட்டு வாங்க, போதும்."

வழியில் தங்கச் சட்டம் போட்ட ராஜாக்கள், மூக்கு உடைந்த கிரேக்கர்கள்... உலகமே பார்க்க வரும் சமாச்சாரங்கள். விசாலம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலாவது அறையின் நடுவே கருங்கல் பிள்ளையார். தென்னிந்தியா என்று எழுதியிருந்தது. எப்படி வந்து சேர்ந்தாரோ... அவரிடம் விசா கேட்க நான் யார்?

விசாலம் ஷூவைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள். நான் பின்னாலேயே எண்ணிக்கொண்டு போனேன்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்ல மாட்டோம், 'லாபம்' என்போம். குடவாசல் பக்கத்து விவசாயி வாயில் வேறு என்ன வரும்?

நாலாவது சுற்றில் காவலர் வந்தார். "வெளியே போகும் வழி அந்தப் பக்கம்" என்று ஆங்கிலத்தில் அன்பாகச் சொன்னார். வழி தெரியாமல் சுற்றுகிறோம் என்று நினைத்துவிட்டார், பாவம். ஏழாவது சுற்றில் எங்களுக்காக ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதற்குள் எங்களுக்குப் பின்னால் ஒரு சுற்றுலாக் கூட்டம் வேறு சேர்ந்துவிட்டது — இந்தச் சிலையை இப்படித்தான் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று. சுற்றுக் கணக்கை விடாமல் அவர்களையும் எண்ணினேன். பதினேழு பேர்.

மியூசியத்தில் எல்லோரும் சுற்றத்தான் செய்கிறார்கள். எதற்கு என்று தெரிந்து சுற்றியவர்கள் அன்று நாங்கள் இரண்டு பேர்தான்.

"பதினொண்ணு" என்றபோது மணி பத்து ஐம்பத்தெட்டு. முன்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தோம். பன்னிரண்டு மணிக்கு போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"போச்சுப்பா. ரிவர்ஸ் எடுக்கிறப்ப முட்டிட்டேன்." குரல் உடைந்திருந்தது.

விசாலம் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, மொதல் சுத்துக்கு என்ன சொன்னீங்க?"

"லாபம்."

"எங்க அப்பா வீட்ல லாபத்தைச் சாமிக்குன்னு தனியா எடுத்து வச்சிடுவாங்க. கணக்குல சேக்க மாட்டாங்க. அப்ப பத்துதானே ஆச்சு?"

"எங்க வீட்ல சேப்போம். பிள்ளையாருக்குத் தெரியாதா?"

"அவரு இந்த ஊருக்கு வந்து எத்தனை வருஷமாச்சோ. நெல்லு அளக்கிறதெல்லாம் ஞாபகம் இருக்குமா?"

போனில் ஏதோ சத்தம். அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அடுத்த தடவை ஒண்ணுன்னே ஆரம்பிங்க. அம்மா, பசிக்குது. மத்தியானத்துக்கு வத்தக்குழம்பு வைக்கிறியா?"

விசாலம் அப்போதே பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். நான் மட்டும் டிக்கெட் கவுன்ட்டருக்குப் போனேன். நாலாவது டெஸ்ட் இருக்கிறது. ஐந்தாவது வராது என்று யார் கண்டது?

இருவருக்கும் வருட பாஸ்: தொண்ணூற்றாறு யூரோ.